வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கக் கேட்ட விலை நியாயமானதா?

மதுரையில் 1998ஆம் ஆண்டு கட்டிய எங்கள் வீட்டின் உட்புறத்துக்குப் பெயிண்ட் அடிப்பதற்காக மூவரிடம் கொட்டேஷன் வாங்கினோம். முதலாமவர் சதுர அடிக்கு 22 ரூபாய் வீதம் 3,600 சதுர அடிக்கு 79,200 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டாமவர் சதுர அடிக்கு 27 ரூபாய் வீதம் 2,800 சதுர அடிக்கு 75,600 ரூபாய் கேட்டார். மூன்றாமவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மொத்தமா நாப்பத்திரண்டாயிரம் குடுத்துருங்க சார், எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்றார். மூன்றுமே பொருளும் கூலியும் சேர்ந்த விலைகள்தான். உறவினர்களிடம் காட்டியபோது பாதிப் பேர் 22 ரூபாய்க்காரரே மலிவு என்றார்கள். மீதிப் பேர் 42,000த்தைப் பார்த்துவிட்டு மற்ற இருவரும் அநியாயம் செய்கிறார்கள் என்றார்கள். இந்த இரண்டு முடிவுகளுமே தவறு என்பதும், உண்மையில் எந்த விலை எந்த வேலைக்கு உரியது என்பதும், ஒரு அளவு நாடாவையும் கால்குலேட்டரையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் விளங்கின.

முதலில் பரப்பு. முதலாமவர் அறைகளை அளக்கவில்லை. வீட்டின் கட்டுமானப் பரப்பான 900 சதுர அடியை நான்கால் பெருக்கியிருந்தார். மூன்றால், மூன்றரையால், நான்கால் பெருக்குவது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான் என்றாலும், அது நம்பத்தக்க கணக்கு அல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அளவுள்ள, பத்தடி உயரமுள்ள ஒரு படுக்கையறையை எடுத்துக்கொண்டால், நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. மேற்கூரைக்கு 120 சேர்த்தால் 560. அதாவது தரைப்பரப்பைப் போல நான்கரை மடங்குக்கும் மேல். ஆனால் பன்னிரண்டுக்கு இருபது அளவுள்ள கூடத்துக்கு அதே முறையில் கணக்கிட்டால் 880 சதுர அடிதான் வரும். அது மூன்றரை மடங்கைச் சற்றே தாண்டுகிறது. குளியலறையில் பெரும்பகுதி டைல்ஸ். சமையலறையிலும் மேடைக்கு மேலே டைல்ஸ். கட்டுமானப் பரப்பிலோ சுவரின் கனமும் அடங்கியிருக்கிறது. எங்கள் வீட்டை அறை அறையாக அளந்து, டைல்ஸ் ஒட்டிய பகுதிகளையும் சுவரை முழுவதுமாக மறைத்து நிற்கும் மர அலமாரிகளையும் கழித்தபோது 2,800 சதுர அடியை ஒட்டி வந்தது. இரண்டாமவர் எழுதியிருந்ததும் அதுவே. அவர் சுவரோரமாக நாடாவைப் பிடித்து, லாஃப்டின் அடிப்பக்கம் வரை அளந்து குறித்துக்கொண்டதை நான் அப்போது தேவையற்ற நுணுக்கம் என்றே நினைத்திருந்தேன்.

கதவு, ஜன்னல்களின் இடத்தைக் கழிக்க வேண்டுமா என்பதில்தான் வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் வழக்கமாக வாக்குவாதம் எழும். கட்டட வேலைகளை அளப்பதற்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 1200 என்ற வரிசையை வைத்திருக்கிறது. அதன் 13ஆம் பகுதி வெள்ளையடித்தல், டிஸ்டெம்பர், பெயிண்டிங் ஆகியவற்றுக்கானது. அரை சதுர மீட்டருக்கு, அதாவது ஐந்தரை சதுர அடிக்கு உட்பட்ட திறப்புகளைக் கழிக்கத் தேவையில்லை. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர், ஏறக்குறைய 32 சதுர அடி வரையுள்ள திறப்புகளுக்குச் சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் கழித்தால் போதும்; மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது, திறப்பின் உட்பக்க ஓரங்களை அடிக்கும் வேலைக்கு ஈடாகிறது. மூன்றுக்கு ஏழு அளவுள்ள நம் வீட்டுக் கதவு 21 சதுர அடி என்பதால் இந்த இரண்டாவது வகையில்தான் வரும். எனவே ஒவ்வொரு ஜன்னலையும் கழிக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பது நியாயமில்லை. நிலை ஓரமாகப் பிரஷ் பிடித்து அடிப்பதற்கு, திறந்த சுவரில் ரோலர் உருட்டுவதைவிட அதிக நேரம் ஆகும். அதே சமயம் டைல்ஸ் ஒட்டிய சுவருக்கும், பெயிண்டரின் கையே போகாத அலமாரியின் பின்பக்கத்துக்கும் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

பரப்பைவிட விலையை அதிகம் தீர்மானிப்பது, பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் நடக்கும் வேலைதான். பழைய பூச்சு உரிந்த இடங்களைச் சுரண்டுவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, விரிசல்களை அடைப்பது, பட்டி பார்ப்பது (வெள்ளை மாவைக் குழைத்து இழுத்துச் சுவரைச் சமமாக்குவது), பிரைமர் எனும் அடிப்பூச்சை அடிப்பது ஆகிய எல்லாம் முடிந்த பிறகு வரும் இரண்டு கோட் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்), ஒப்பிட்டுப் பார்த்தால் எளிய வேலை. ஆனால் கொட்டேஷனில் இவையெல்லாம் பெரும்பாலும் "பட்டி, பிரைமர், 2 கோட் பெயிண்ட்" என்ற ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. அந்தப் "பட்டி" என்பது உடைந்த இடங்களுக்கு மட்டும் பார்க்கும் பட்டியா, சுவர் முழுவதற்கும் இரண்டு கோட் இழுக்கும் பட்டியா என்பதைக் கேட்டே ஆக வேண்டும். உடைந்த இடங்களுக்கு மட்டுமான ஒட்டுப்பட்டி என்றால் எங்கள் வீட்டுக்கு 40 கிலோ மூட்டை இரண்டு போதும். முழுப் பட்டி என்றால், ஒரு கிலோவுக்கு 12 சதுர அடி என்று வைத்துக்கொண்டாலும் 2,800 சதுர அடிக்கு 230 கிலோவுக்கு மேல், அதாவது ஆறு மூட்டை வேண்டும். மூட்டையின் விலை பெரிதல்ல. அதை இழுத்து, காயவிட்டு, மறுபடி இழுத்து, வீடெங்கும் மாவாகப் பறக்கத் தேய்க்கும் நாட்களுக்கான கூலிதான் பெரிது. முதலாமவரிடம் கேட்டபோது ஒட்டுப்பட்டிதான் என்றார். இரண்டாமவர் சொன்னது முழுப் பட்டி. ஒரே வார்த்தையை இருவரும் எழுதியிருந்தாலும், கணக்கிட்டது இரண்டு வெவ்வேறு வேலைகளை.

அடுத்தது பெயிண்ட். கொட்டேஷனில் "ஏஷியன் பெயிண்ட்ஸ்" என்றோ "பெர்ஜர்" என்றோ நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் அதில் ஒரு தகவலும் இல்லை. ஒரே நிறுவனத்தில் டிராக்டர் எமல்ஷனும் இருக்கிறது, ராயலும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசம் எந்தக் கடையில் கேட்டாலும் தெரிந்துவிடும். பொருளின் முழுப் பெயர், உட்புறத்துக்கானதா வெளிப்புறத்துக்கானதா, எத்தனை கோட் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு பெயிண்ட் செலவாகும் என்பதை நாமே கணக்கிடலாம். உட்புற எமல்ஷன் ஒரு லிட்டர், பட்டியும் பிரைமரும் பார்த்த வழவழப்பான சுவரில், இரண்டு கோட்டுக்கு 120 முதல் 140 சதுர அடி வரை வரும். குறைந்த அளவையே வைத்துக்கொண்டால், எங்கள் சுவர்களின் 2,000 சதுர அடிக்கு 17 லிட்டர். ஒரு 20 லிட்டர் வாளி தாராளம். மேற்கூரையின் 800 சதுர அடிக்கு 7 லிட்டர்; அதற்கு விலை குறைந்த வெள்ளை எமல்ஷன் 10 லிட்டர் வாங்கலாம். பிரைமர் 24 லிட்டர். கதவு, கிரில்களுக்குச் சில லிட்டர் எனாமல். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கடையில் விலை கேட்டபோது, ஒட்டுப்பட்டியோடு சேர்த்து 20,000 ரூபாயை ஒட்டி வந்தது. அடர்ந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்திருந்தால் கூடியிருக்கும். அவற்றுக்கான பேஸ் (நிறமி கலப்பதற்கான அடிப்படைப் பெயிண்ட்) வேறு, கலக்கும் நிறமியும் அதிகம். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு போன்றவை அடியில் உள்ள நிறத்தை மறைப்பதற்கு மூன்றாவது கோட்டும் கேட்கும்.

கூலியைச் சதுர அடியில் யோசிப்பதைவிட ஆள்கூலியில் யோசிப்பது தெளிவு தரும். எங்கள் பகுதியில் பெயிண்டரின் நாள் கூலி ஆயிரம் ரூபாயைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. உதவி ஆளுக்கு 700, 750. இரண்டு பெயிண்டரும் ஓர் உதவி ஆளும் வந்தால் ஒரு நாளுக்கு 2,850 ரூபாய் ஆகிறது. சுரண்டி, தேய்த்து, ஒட்டுப்பட்டி பார்த்து, பிரைமரும் இரண்டு கோட்டும் அடித்து, கதவு கிரில்களை முடிக்க அந்த மூவருக்கும் பத்து நாள் என்று மூன்று மேஸ்திரிகளுமே ஏறக்குறைய ஒப்புக்கொண்டார்கள். ஆக கூலி 28,500, பொருள் 20,000, மொத்தம் 48,500. இதன்மேல் ஒப்பந்தம் எடுப்பவருக்கு 15 முதல் 20 சதவீதம் கிடைக்க வேண்டும்; ஆட்களைத் திரட்டுவதும், பொருள் ஏற்றி வருவதும், வேலை கெட்டுப்போனால் திரும்பச் செய்து தருவதும் அவர் பொறுப்பு. அதையும் சேர்த்தால் 56,000 முதல் 58,000 வரை வருகிறது.

இந்தக் கணக்கோடு மூன்று விலைகளையும் பொருத்திப் பார்த்தேன். முதலாமவர் ஒட்டுப்பட்டி வேலைக்குக் கேட்டது 79,200. நியாயமான விலையைவிட 20,000 ரூபாய்க்கும் மேல் அதிகம். ஆனால் அவருடைய 22 ரூபாய் வீதத்தில் பெரிய தவறில்லை: உண்மைப் பரப்பான 2,800ஆல் பெருக்கினால் 61,600 வரும், கொஞ்சம் பேசினால் ஒத்துக்கொள்ளக்கூடிய தொகைதான். கூடுதலில் பெரும்பகுதி ஒளிந்திருந்தது அந்த நான்கு மடங்கில். இரண்டாமவரின் முழுப் பட்டி வேலைக்கு இன்னும் நான்கு மூட்டையும், அதே மூன்று பேருக்கு ஐந்து நாள் கூலியும் கூடும். அதையும் லாபத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 78,000 ஆகிறது. சதுர அடிக்கு அதிகம் கேட்ட இவருடைய விலைதான் மூன்றிலும் நேர்மையானது. அந்த முழுப் பட்டி எங்களுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. சுவரில் ஏற்கெனவே பட்டி இருந்தது, அது கெட்டியாகவும் இருந்தது. இரவில் டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது கூடத்தில் இரண்டு சுவர்களில் மட்டுமே மேடுபள்ளம் தெரிந்தது. அந்த இரண்டு சுவர்களுக்கு முழுப் பட்டியும் மற்றவற்றுக்கு ஒட்டுப்பட்டியும் என்று மாற்றி எழுதச் சொன்னோம்; அவர் 62,000க்கு ஒப்புக்கொண்டார்.

மூன்றாமவரின் 42,000 என்னைக் கொஞ்சம் சிந்திக்க வைத்தது. பொருளும் கூலியும் மட்டுமே 48,500 ஆகும்போது, எந்த மனிதரும் கையிலிருந்து 6,500 ரூபாய் போட்டு நம் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துத் தர மாட்டார். அந்தக் குறைவு எங்கோ ஓரிடத்தில் வேலையிலிருந்து எடுக்கப்படும். பிரைமரை விட்டுவிடலாம், அடித்த பிறகு யாருக்கும் தெரியாது. எமல்ஷனில் தண்ணீரைக் கூட்டலாம். எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்று டப்பாவிலேயே அச்சிட்டிருப்பதை எத்தனை வீட்டுக்காரர்கள் படிக்கிறார்கள்? சுரண்டாமல் பழைய பூச்சின் மேலேயே அடித்துவிட்டுப் போனால் மூன்று நாள் கூலி மிச்சம். ஓராண்டில் அது செதில் செதிலாக உரியும்போது மேஸ்திரியின் செல்போன் எண்ணும் மாறியிருக்கும். இதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். குறைந்த விலையைத் தவிர வேறெதையும் கேட்காத வீட்டுக்காரர்களிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர், அவர்கள் கேட்பதைக் கொடுக்கப் பழகியிருக்கிறார், அவ்வளவுதான். பிரைமர் உண்டா, எத்தனை கோட், எந்த எமல்ஷன் என்று நான் கேட்கக் கேட்க, அவர் விலையும் படிப்படியாக ஏறி 55,000த்தைத் தொட்டது.

பொருளை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் பேசிக்கொள்வது பாதுகாப்பு என்று பலர் சொல்வார்கள். தண்ணீர் கலப்பதையும் மலிவான ரகத்தை ஊற்றுவதையும் அது ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கென்று தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. பட்டி மூட்டையிலும் பெயிண்ட் வாளியிலும் பெயிண்டர்களுக்கென்று டோக்கனோ, செல்போனில் ஸ்கேன் செய்யும் புள்ளிகளோ வைத்திருப்பார்கள். சில கடைகள் ஆளைக் கூட்டிவரும் பெயிண்டருக்குத் தனியாகவும் ஏதாவது கொடுப்பதுண்டு. குறிப்பிட்ட கடையில், குறிப்பிட்ட நிறுவனத்தின் சரக்கையே வாங்க வேண்டும் என்று ஒருவர் வற்புறுத்தினால் காரணம் இதுவாக இருக்கலாம். அதை ஒரு குற்றமாக நான் பார்ப்பதில்லை. குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்பவர் அந்த டோக்கன் வருமானத்தையும் மனதில் வைத்துத்தான் ஒப்புக்கொள்கிறார். தேவைக்கு மேல் வாளிகள் வந்து இறங்குகின்றனவா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். மேலே சொன்ன லிட்டர் கணக்கு அதற்கு உதவும். வாளியை நம் முன்னால் திறக்கச் சொல்வதும், காலி வாளிகளை வேலை முடியும்வரை வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்வதும் சந்தேகப்படுவதாகாது. காலி வாளி யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. இருபது லிட்டர் பெயிண்ட் வாளிக்கு நம் ஊர்க் குளியலறைகளில் இருக்கும் மரியாதையை நினைத்தால், சதுர அடி விலையைவிட அதற்குத்தான் அதிகச் சண்டை நடக்கும்.

வெளிப்புறச் சுவருக்கு இந்தக் கணக்கு எதையும் அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது. சொரசொரப்பான வெளிப்பூச்சில் எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 50, 60 சதுர அடிதான் வரும். உட்புறத்தில் வருவதில் பாதிகூட இல்லை. மாடி வீடு என்றால் சவுக்குக் கம்பு வைத்துச் சாரம் கட்ட வேண்டும். அந்தச் செலவு கொட்டேஷனில் உள்ளதா, பிறகு தனியாகக் கேட்கப்படுமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரின் உட்பக்கம், சன்ஷேடின் மேல்பகுதி, காம்பவுண்டு சுவரின் வெளிப்பக்கம் ஆகிய மூன்றும்தான் வேலை பாதியில் இருக்கும்போது "இது கணக்குல வராது சார்" என்று சொல்லப்படும் இடங்கள். உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் ஒரே வீதம் போட்டு யாராவது கொடுத்தால், இரண்டில் ஒன்றை அவர் கணக்கிடவே இல்லை என்று கொள்ளலாம்.

குளியலறைக்கு அடுத்த சுவரில் ஓதம் அடித்து, உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிந்திருந்தால் அதைப் பெயிண்டிங் கொட்டேஷனுக்குள் கொண்டுவரவே கூடாது. கசியும் குழாயையும் டைல்ஸ் இடுக்கையும் சரிசெய்து, பூச்சைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் அங்கே பெயிண்ட் நிற்கும். ஈரமான சுவர் மேலேயே ஏதோ ஒரு பூச்சை அடித்து ஐந்து வருடம் உத்தரவாதம் தருகிறேன் என்பவரைவிட, "அந்தச் சுவருக்கு நான் பொறுப்பில்ல, முதல்ல பிளம்பரைக் கூப்பிடுங்க" என்று சொல்பவரின் விலையை நான் நம்புவேன். பழைய வீடுகளின் கதவு, கிரில்களில் இருக்கும் எனாமலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். நேரம் கொஞ்சம் கூடும், அதற்காக ஓர் ஆள்கூலி அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம்.

விலையை மாற்றும் மற்ற இரண்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்கழியில், பொங்கலுக்கு முன் முடித்துத் தரச் சொன்னால் எந்த மேஸ்திரியும் கூட்டித்தான் கேட்பார். ஆளும் கிடைக்காது, கிடைக்கும் ஆளும் மூன்று வீட்டை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பார். அதே வேலையைப் பொங்கல் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கும் மாசி பங்குனியில் பேசினால் வீதமும் இறங்கும், சுவரும் சீக்கிரம் காயும். இன்னொன்று ஜிஎஸ்டி. கொட்டேஷனின் அடியில் "ஜிஎஸ்டி தனி" என்று இருந்தால், 79,200க்கு இன்னொரு 14,256 ரூபாய் சேரும். பதிவு எண் இல்லாதவர் அந்த 18 சதவீதத்தை வசூலிக்க முடியாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. கடையில் வாங்கும் பெயிண்டின் விலையிலேயே அந்த வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

பணம் கொடுக்கும் முறையையும் கொட்டேஷனிலேயே எழுதிவிட்டோம்: பொருள் வந்து இறங்கியதும் மூன்றில் ஒரு பங்கு, பட்டியும் பிரைமரும் முடிந்து நாங்கள் பார்த்த பிறகு மூன்றில் ஒரு பங்கு, டச்சப்பும் துப்புரவும் முடிந்த பிறகு மீதி. இரண்டாவது தவணை முக்கியமானது, ஏனென்றால் சுவரின் உண்மை நிலை கண்ணுக்குத் தெரிவது பிரைமர் நிலையில்தான். அப்போது உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்து வெள்ளை ஒட்டுகிறதா என்று பார்க்கலாம், விரிசல் அடைத்த இடங்களை விரலால் தடவிப் பார்க்கலாம். எழுதாத வேலை ஏதாவது இடையில் வந்தால் நாள் கூலிக் கணக்கில் தருவதாகவும், அந்தக் கூலி எவ்வளவு என்பதையும் அதே தாளில் சேர்த்தோம். மீந்த எமல்ஷனில் ஒரு லிட்டரைச் சிறிய டப்பாவில் ஊற்றி, கலர் எண்ணையும் அடித்த அறையின் பெயரையும் மூடியில் எழுதி லாஃப்டில் வைத்துவிட்டுத்தான் மேஸ்திரி கடைசித் தவணையை வாங்கிக்கொண்டார்.